கஸ்பரின் முதுகு

"முகம் வேணாங்க, முதுகு மட்டும் போதும்" என்றாள் டோரீன்.

செத்துப்போன புருஷன் கஸ்பர் தினமும் அவள் கனவில் வருகிறார். இடுப்பில் துண்டோடு, வெற்று முதுகைக் காட்டிக்கொண்டு, மலையூற்றிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளிக்கப் போகிறார். எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் முகம் அவளுக்கே மறந்துகொண்டு வந்தது. முதுகும் மறந்துபோவதற்குள் வந்துவிட்டாள்.

டயகமப் பக்கத்தில் கனவைச் சொன்னால் கண்ணாடியில் போட்டுத் தருகிறவள், புருஷன் விட்டுவிட்டுப் போன லோஜினி ஒருத்திதான். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கவிழ்த்து, பின்பக்கத்து ரசத்தை ஊசியால் சுரண்டி, சுரண்டிய இடத்தில் வர்ணம் பூசுவாள். நிமிர்த்திப் பார்த்தால் கனவும் தெரியும், கனவு கண்டவர் மூஞ்சியும் தெரியும்.

மாயாண்டியின் செத்த பசு ஹட்டனுக்கு பஸ் ஓட்டிப் போகிற படம் அவள் போட்டதுதான். அந்தப் பசுவின் முன்னால் நின்றுதான் அவர் தினமும் சவரம் செய்கிறார்.

கஸ்பரை லோஜினி பார்த்ததேயில்லை. என்றாலும் டோரீன் பேசி முடிக்குமுன்பே ஊசியை எடுத்துவிட்டாள். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

"அவரேதான்!" டோரீன் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வர்ணம் காயட்டும் என்று வெயிலில் சாத்தி வைத்தபோதுதான் வம்பு தொடங்கியது.

அந்தப் பக்கமாக வந்த ராசம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கொழும்புக்குப் போய்க் காணாமல் போன தன் தம்பி இது என்றாள். இன்னொருத்தி தன் அப்பா என்றாள். மாயாண்டி ஒருபடி மேலே போய், அது தானேதான் என்று சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். உங்கள் முதுகை நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள். அப்போதும் அவர் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

சண்டை முற்றி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்தார். உயிரோடிருக்கிற யாருடைய முதுகும் இல்லை என்பது முதலில் தெளிவாக வேண்டும் என்றார். ஞாயிறென்றும் பாராமல் லயத்து வீடுகளின் ஆண்கள் அத்தனை பேரையும், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் சட்டையில்லாமல் திரும்பி நிற்க வைத்தார். மலைக்காற்றில் நாற்பத்திரண்டு முதுகுகள் வெடவெடத்தன. டோரீனும் ராசம்மாவும் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முதுகு முதுகாக ஒப்பிட்டுப் போனார்கள்.

ஒன்றும் பொருந்தவில்லை.

"அப்ப இது செத்தவர் முதுகுதான்" என்று தலைவர் தீர்த்துச் சொன்னார்.

அந்த நேரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீனம்மா முன்னால் வந்தாள். ராசம்மா வீட்டுக்கு வலப்பனையிலிருந்து விருந்துக்கு வந்தவள்.

"ஐயோ, உசிரோட இருக்கிற மனுசன ஏன் சாகடிக்கிறீங்க? இது எங்க வீட்டுக்காரரு. எங்கூட வந்து நாலு வருஷமாச்சு. தோள்ல ஒரு தழும்பு இருக்கும், அது ஒன்னுதான் குறையுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது; மீனம்மாவும் சேர்ந்து சிரித்தாள். கஸ்பருக்குத் தழும்பே கிடையாது என்று டோரீன் கத்தினாள்.

லோஜினி சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கிக் களத்துத் தரையில் கவிழ்த்தாள். கொண்டையில் செருகியிருந்த ஊசியை உருவி, காய்ந்த வர்ணத்தைச் சுரண்டினாள். அவசரமேயில்லை. வெற்றிலை அளவுக்கு ஒரு தழும்பு, ஓரமெல்லாம் சுருங்கி, சுடுதண்ணீர் கொட்டிய மாதிரி.

நிமிர்த்தி மீனம்மாவிடம் நீட்டினாள்.

மீனம்மா பார்த்தாள். இடது தோள். அதே அளவு. அந்தச் சுருக்கம்கூட அப்படியே.

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எந்தத் தோள்னு நான் சொல்லவேயில்லியே, அக்கா" என்றாள்.