முழங்காலுக்கு ஒரு பரிகாரம்

"உங்கட எக்சசைஸ் ஒரு நாளும் செய்யேல்லை, பிள்ளை. உங்களிட்டைப் பொய் சொல்லமாட்டன்!"

கை ஊன்றாமலே கதிரையிலிருந்து விசுக்கென்று எழும்பி நின்று காட்டினார் யோசெப். பிசியோதெரபி அறையில் தர்மிளாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இதே மனிதரை மனைவி ஸ்ரெல்லா கைத்தாங்கலாகத்தான் கூட்டி வந்தார். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு.

பயிற்சிகளைப் படம் போட்டு தர்மிளா கொடுத்த கடதாசியை யோசெப் அன்றே மடித்து ஸ்ரெல்லாவின் பையில் திணித்துவிட்டார். "போட் எஞ்சின் ஓட ஓடத்தானே தேயும்? தேஞ்சதைப் பிறகும் ஓட்டச் சொல்லுறியள்!"

முப்பது வருடம் கடலில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். அவரோடு யார் வாதாடுவது?

அடுத்த வாரம் மாதா கோயில் திருநாள். ஊர்வலத்தில் மாதாவின் சிலையை, அந்தச் சுருவத்தை, தூக்கும்போது முன்பக்கத் தோள் எப்போதும் யோசெப்புடையது. இந்த முறை கதிரையில் இருந்து பாருங்கோ என்று கோயில் சபையார் சொன்ன அன்று மனிதர் சாப்பிடவே இல்லை.

"இப்ப நான்தான் தூக்கிறன்! மாதா சுகமாக்கிப்போட்டா."

"எப்பிடி ஐயா?"

"செபமாலைதான். மனிசியைத் தூசணத்தாலை பேசினனான் எண்டு பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தன். காலமையும் பின்னேரமும் செபமாலை சொல்லு எண்டு பாதர் பரிகாரம் தந்தவர். முழந்தாளிலை நிக்க ஏலாதெண்டபடியா வேறை ஒரு முறையும் சொல்லித் தந்தவர்."

"ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

யோசெப் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். வலது காலை நேரே நீட்டி, ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடியும்வரை அசையாமல் பிடித்தார். பிறகு இறக்கினார். செபமாலையின் அடுத்த மணிக்கு இடது கால்.

தர்மிளா கொடுத்த கடதாசியின் முதல் படம் அச்சொட்டாக அதுதான்.

"சரி பிள்ளை, நான் போய் பஸ்ஸிலை இடம் பிடிக்கிறன்" என்று யோசெப் கைவீசி நடந்தார். அவர் வாசலைத் தாண்டியதும், கூட வந்திருந்த ஸ்ரெல்லாவிடம் தர்மிளா திரும்பினாள்.

"அம்மா, என்ரை கடதாசி பாதரிட்டை எப்பிடிப் போனது?"

ஸ்ரெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அண்டைக்குப் பாவசங்கீர்த்தன வரிசையிலை இவருக்கு முன்னாலை நிண்டது நான்தான், பிள்ளை. என்ரை பாவங்களோடை உங்கட கடதாசியையும் குடுத்தனான். பயப்பிடாதேங்கோ, உயிர் போனாலும் பாதர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார். பாவசங்கீர்த்தனத்திலை கேட்டதெல்லே!"