எட்டாம் நாள் விழுந்த கொடி

இப்போதெல்லாம் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு வரும் மரபணுக் கோளாறைக் கருவிலேயே திருத்திவிடுகிறார்கள். திருத்தம் பிடித்ததா என்று முப்பதாம் நாள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. நான் யார் பேச்சையும் நம்புவதில்லை, தொப்புளைத்தான் நம்புவேன். திருத்தம் பிடிக்காமல், வெள்ளையணுக்கள் புண்ணில் போய் ஒட்டாத பிள்ளைக்குக் கொடி லேசில் விழாது.

"எட்டாம் நாளே விழுந்துடுச்சு மேடம்," என்றாள் பூங்கோதை, நான் கேட்பதற்கு முன்பே. அவளுடைய அத்தை மகனும் புருஷனுமான மாசிலாமணி, குழந்தையின் இடுப்பிலிருந்த வெள்ளித் தாயத்தைக் காட்டினான். "கொடி இதுக்குள்ளதான் இருக்கு."

திறக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித் திறந்தான். பிரசவத்தில் வெட்டிய முனை மட்டும்தான் நேராக இருக்க வேண்டும். இதில் இரண்டு முனையும் கத்தரித்தது போல் நேராக இருந்தன.

துணியை விலக்கினேன். தொப்புள் சிவந்து வீங்கியிருந்தது.

"சொட்டுச் சீழ் இல்ல, பாருங்க," என்றாள் பெருமையாக.

"வெள்ளையணு வந்து சேர்ந்திருந்தா சீழ் வச்சிருக்கும்மா. வைக்கலைன்னாதான் ஆபத்து. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "மூத்தவனையும் இப்படித்தான் ஒரு நர்ஸம்மா தூக்கிட்டுப் போனாங்க. துணியில சுத்தித்தான் திருப்பிக் குடுத்தீங்க. உங்கள எப்படி நம்புறது?"

"இப்ப மருந்து இருக்கு. என்னை நம்பு," என்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, இதே வாசலில், இதே வார்த்தையைத்தான் அவளிடம் சொன்னேன். முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.