மாவில் ஈயம்

"ஃபெயில்னு வந்துட்டா என்ன பண்ணுவீங்க சார்?"

லூர்துமேரி இதைக் கேட்பது இரண்டாவது தடவை. விழுப்புரம் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அதிகாரி தென்னரசு ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"விக்கக் கூடாதும்மா. இருக்கிற மாவெல்லாம் அழிச்சிடணும். லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு, மாடியிலேர்ந்து கொண்ணாரச் சொல்லியிருக்கேன். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. துவண்டு கிடந்த சின்ன மகளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள்.

பெஞ்சிலிருந்த சூசை மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திண்டிவனத்தில் சத்துமாவு அரைத்து விற்கும் மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. கேப்பையும் மல்லாட்டைக் கடலையும் கல் பொறுக்கி, வறுத்து, பார்த்துப் பார்த்து அரைக்கிற மாவு. பாண்டிச்சேரிக் கடைக்காரர்கள் இப்போதுதான் தேடி வந்து கேட்கிறார்கள். இந்த நேரம் பார்த்தா இந்த லூர்து, குழுவில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு பாக்கெட்டைக் கொண்டு வந்து ஈய விஷம் இருக்கிறதா பாருங்கள் என்று கொடுப்பாள்!

"யாராச்சும் தானா போயி தலைய குடுப்பாங்களாடி? ஃபெயிலுன்னு வந்துச்சுன்னா குழுவே நடுத்தெருவுல நிக்கும். எவளாச்சும் எதனா கலக்குறாள்னு சந்தேகமா உனக்கு?"

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்புறம் ஏன் நெருப்ப மிதிச்சவ மாதிரி நடந்துகினே கீற? வந்து குந்து. புள்ளைக்கு எதனா வாங்கிக் குடு, சோந்து கெடக்குது பாரு."

"எது குடுத்தாலும் வயித்த வலிக்குதுங்குதுக்கா."

சூசை மேரி அதிகாரியின் பக்கம் திரும்பிவிட்டாள். "சார், இந்தப் புள்ளையே தெனம் காத்தால எங்க மாவு கஞ்சிதான் குடிக்குது. கெட்டது இருந்தா பெத்தவளே ஊத்திக் குடுப்பாளா, நீங்களே சொல்லுங்க?"

லூர்துமேரி சுவரைப் பார்த்துக்கொண்டாள். தென்னரசுவுக்குச் சிரிப்பு வந்தது.

"அதையெல்லாம் லேப்தாம்மா சொல்லணும்."

பியூன் கவரைக் கொண்டு வந்து வைத்தான். சூசை மேரி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். லூர்துமேரியும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கைவிட்டுடாதே தாயே, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று அவள் உதடு முணுமுணுத்தது.

தென்னரசு ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்றையும் புரட்டினார்.

"பாஸ்மா. ஈயம் இல்ல. வேற எந்தக் கெட்டதும் இல்ல. சுத்தமான மாவு, தைரியமா வித்துக்கோங்க."

"மாதாவே!" சூசை மேரி எழுந்தே விட்டாள். இத்தனை நாள் திட்டியதெல்லாம் மறந்து போயிற்று. இந்த ரிப்போர்ட்டையே கண்ணாடி போட்டு மாட்டிவிடலாம், இனி எந்தக் கடைக்காரன் வாய் திறப்பான் என்று மனசு கணக்குப் போட்டது. லூர்துவைக் கட்டிக்கொள்ளத் திரும்பினால், அவள் குழந்தையோடு தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது.

"சந்தோஷத்துல அழுவுறா சார்."

"சார்," லூர்துமேரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தபா சோதிச்சுப் பாக்க முடியாதுங்களா?"

"பாஸானத எதுக்கும்மா திருப்பிச் சோதிக்கணும்?"

"பாண்டி ஆஸ்பத்திரில இவ ரத்தத்துல ஈயம் ஏறிக்கினே இருக்குதுன்னாங்க சார். எதுலேர்ந்து வருதோ அத மொதல்ல நிறுத்துன்னாங்க. மாவுலதான் இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினு இருந்தேன்."

தூக்கிவிட நீட்டிய சூசை மேரியின் கை பாதியில் நின்றது.

"இப்ப நான் எத சார் நிறுத்துவேன்?"