எந்தக் கை?

காரைக்காலில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சாரணியர் படையில் சேர வந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் வலது கை கொடுத்துக்கொண்டே வந்த ஜூலியட் டீச்சர், சுகிர்தாவுக்கு மட்டும் இடது கையை நீட்டினார். அடுத்த பிள்ளைக்கு மறுபடியும் வலது கை.

வேலியோரம் நின்ற சுகிர்தாவின் அம்மா மங்கையர்க்கரசிக்குச் சுருக்கென்றது. வரிச்சிக்குடியில் நடவுக்குப் போகிறவள் மகள் என்று தெரிந்துதான் இப்படியா?

பிள்ளைகள் கலைந்ததும் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"ஏன் டீச்சர், எல்லாப் புள்ளைக்கும் சோத்தாங்கை, எம் பொண்ணுக்கு மட்டும் பீச்சாங்கையா? நாங்க எதுல கொறஞ்சு போயிட்டோம்?"

ஜூலியட் பதறிப்போனார். "ஐயோ, அப்படி இல்லீங்கம்மா! சாரணியருங்க எங்களுக்குள்ள இடது கைதான் குடுத்துக்குவோம். அது நெஞ்சுக்குப் பக்கத்துக் கை. மத்த புள்ளைங்க இன்னும் உறுதிமொழியே படிக்கல. இன்னிக்கு அதைச் சொல்லி எங்கள்ல ஒருத்தி ஆனது உங்க பொண்ணு மட்டும்தாங்க."

மங்கையர்க்கரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் சிரித்துக்கொண்டே அவளுக்கும் இடது கையை நீட்டினார்.

"வேணாங்க டீச்சர்." புடவையில் துடைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள் அவள். "நான் இன்னும் உறுதிமொழி எடுக்கலையே!"