துஷ்யந்தியின் பெயரில்

காலை வெயில் விழும் பேராதனை வீதி அலுவலகத்தில் துஷ்யந்தி தன் திரையையே பார்க்கிறாள். குழந்தைகளுக்கான மருந்தளவைக் கணக்கிடும் நிரலில் யாரோ செய்த மாற்றத்துக்கு, சரிபார்த்தாயிற்று என்று நேற்று மாலை அவள் பெயரில் ஒப்புதல் விழுந்திருக்கிறது. அந்நேரம் அவள் வீடு திரும்பும் கலஹா பஸ்ஸில் இருந்தாள். நிரல்கள் எல்லாம் அலுவலகத்தின் சொந்த சேர்வரில்தான். மற்றவர் கணக்குக்குள் நுழையும் அதிகாரம் அதை அமைத்த நிரஞ்சனுக்கு மட்டுமே உண்டு. “அண்ணே, இத நான் பாக்கவேயில்ல.” “பாத்துட்டு மறந்திருப்பீங்க,” என்று எதிர் மேசையில் இருந்த அவன் பால் சேர்க்காத பிளேன்டீயை ஊதுகிறான். அவனைக் கவனித்தபடியே அவள் ஒப்புதலை நீக்குகிறாள். விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைக்கிறாள். சற்று நேரத்தில், அவள் பெயருக்கு நேரே ஒப்புதலின் பச்சைக் குறி மீண்டும் விழுகிறது. நிரஞ்சனின் இரண்டு கைகளும் கோப்பையைச் சுற்றியே இருக்கின்றன. தன் திரையைப் பார்த்த அவன் முகம் வெளிறுகிறது. மெதுவாக அவள் பக்கம் திரும்புகிறான். “ஏன் தங்கச்சி, மறுபடி போட்டீங்க?”