குவிமாடத்தின் விரிசல்

ஏணியின் உச்சியில் நின்று, ஃபால்ஸ் சீலிங்கின் அட்டை ஒன்றைத் தள்ளிவிட்டுத் தலையை மேலே நீட்டினாள் பொறியாளர்.

அம்மாடி!

கீழே ட்யூப்லைட் வெளிச்சத்தில் மனு வாங்கிக்கொண்டிருக்கிற பழைய அரசு அலுவலகம். அதன் தலைக்கு மேல் இப்படியொரு வானமா?

செங்கல் வளையங்கள் சுருங்கிச் சுருங்கி உயரே போய், உச்சியிலிருந்த வட்டச் சன்னலில் முடிந்தன. அதன் வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரும்பு என்று ஒரு துண்டு கிடையாது. வெறும் செங்கலும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருநூறு வருஷமாக நிற்கின்றன.

காது குளிரக் கேட்டு வளர்ந்த குவிமாடம்தான். நேரில் பார்ப்பது இன்றுதான்.

இதை இடிக்கலாமா, வேண்டாமா என்று மாலைக்குள் அவள் சொல்லியாக வேண்டும். வாசலில் இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கிறது.

ஏணியைப் பிடித்திருந்த ஹெட் கிளார்க்குக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்து மேடம்! அந்தக் காலத்துலயே விரிசல் விட்டுருச்சு. பாக்க வந்த இன்ஜினியர் மேல ஏறவே இல்லையாம். கீழ உக்காந்து டீ குடிச்சிட்டு, 'கட்டடம் அசையாது'ன்னு எழுதிட்டான். அடுத்த மாசமே காரை பேந்து ஆபீசர் மேசையில விழுந்துச்சு. அவனுக்கு வேலை போச்சு!"

ஏறினேன், ஏறினேன் என்று அந்த மனிதர் தலைதலையாய் அடித்துக்கொண்டாராம். ஏறிப் பார்க்க ஒருவருக்கும் தைரியமில்லை. விரிசல் கண்ணில் படாமலிருக்க ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது!

அவள் டார்ச்சை அடித்து விரிசலைத் தேடினாள்.

இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில், விரல் நுழைகிற அகலத்தில்.

அதன் குறுக்கே, இரு முனையும் சாந்தில் பதிந்து, ஒரு கண்ணாடித் துண்டு.

அவளும் அப்படித்தான் ஒட்டுவாள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

தூசியை ஊதினாள். ஒரு கீறல்கூட இல்லை.

ஈரச் சாந்தில் ஆணியால் தேதி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. அவளுடைய ரேங்க் கார்டு அத்தனையிலும் இருந்த அதே கையெழுத்து.

கண்ணீர் பார்வையை மறைத்தது. தடவித் தடவிப் போனை எடுத்தாள்.

"அப்பா... மேல ஏறிட்டேன்ப்பா. நீங்க ஒட்டின கண்ணாடி அப்படியே இருக்குப்பா."

கட்டடம் அசையவில்லை. கீழே ஹெட் கிளார்க் பிடித்திருந்த ஏணிதான் ஒருமுறை ஆடியது.