அட்டைக் காசு

"பயப்படாதீங்கம்மா, புகார் சொல்லக் கூப்பிடல. உக்காருங்க."

டீச்சர் அப்படிச் சொன்ன பிறகும் சிட்டுவின் அம்மா நின்றுகொண்டே இருந்தாள். சலவைக் கடையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். பள்ளி விட்டாயிற்று. இரண்டாம் வகுப்பு அறையில் அவர்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை.

டீச்சர் மேசைமேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தாள். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய காசுகள் கொட்டின. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து.

"இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் செஞ்சதாமே?"

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஆமா டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு இவ எழுதியிருந்தா. அவர் தபால்ல அனுப்பிட்டாரு. தப்பாப் போச்சுங்களா?"

"நீங்க வேற. போன வருஷம் ஒரு பய நிஜக் காசை முழுங்கி வெச்சான். அதிலேருந்து வகுப்புல காசே கூடாதுன்னுட்டாங்க. நானும் கரும்பலகையில வட்டம் வட்டமாப் போட்டுத் தொண்டை வத்தக் கத்தினேன். ஒருத்தர் மண்டையிலயும் ஏறல. ஒத்தக் காசு அஞ்சு இருக்கு, அஞ்சு காசு ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு, அது எப்படி டீச்சர் சமம் ஆகும்னு என்னையே மடக்கறாங்க."

சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்கறதப் பாரு. எங்க, அம்மாவுக்குப் பதினஞ்சு வெச்சுக் காட்டு."

சிட்டு மேசையோடு ஒட்டி நின்று, ஒரு பத்தையும் ஓர் ஐந்தையும் இடப்பக்கம் வைத்தாள். வலப்பக்கம் ஓர் ஐந்து, அதன் பக்கத்தில் 'இரண்டு' என்று போட்ட காசுகள் ஐந்து.

"இங்க ரெண்டு காசும்மா, அங்க ஆறு காசு. ரெண்டு பக்கமும் பதினஞ்சுதான். எத்தனை காசுன்னு பாக்கக் கூடாது, எவ்வளவுன்னு பாக்கணும். அப்பா எழுதியிருந்தாரு."

அம்மா அந்தச் சின்ன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வகுப்புக்கே இவதான் வாத்தியார்," என்றாள் டீச்சர். "பென்சில் கடை வெச்சு ஒவ்வொருத்தனையும் வாங்க வெச்சா. ஒருத்தன் குடுத்த மாதிரி இன்னொருத்தன் குடுக்கக் கூடாதாம். அத்தனை பேரும் தேறிட்டாங்க. தலைமை ஆசிரியர் வந்து பாத்துட்டு அசந்து போயிட்டாரு." அவள் ஒரு காசை எடுத்து விரலால் தடவினாள். "ஓரத்துக் கோடுகூட விட்டுப் போகல. எண்ணு கைக்குத் தட்டுப்படுது. அவருக்கு என்ன வேலை?"

"அச்சு வெட்டற பட்டறையில இருந்தாரு. பதக்கம், முத்திரை எல்லாம் செய்வாரு."

"அதானே பாத்தேன். ஆண்டு விழாவுல அவரை மேடையேத்தி ஒரு சால்வை போடணும்னு எல்லாரும் பேசி முடிச்சிட்டோம். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

சிட்டு துள்ளினாள். அம்மா அவள் தோளைப் பிடித்து, "போய்க் கை கால் கழுவிட்டு வா," என்று வெளியே அனுப்பினாள்.

"அவரால வர முடியாது டீச்சர்."

"ஒரு நாள் லீவு கிடைக்காதா?"

"கிடைக்காதுங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

"அப்படி என்ன கெடுபிடி? அங்க யாரு பொறுப்புன்னு சொல்லுங்க. பள்ளிக்கூடத்து முத்திரை குத்தி நானே கடிதம் எழுதறேன். பெத்த பிள்ளை முன்னாடி ஒரு மனுஷனுக்கு மரியாதை நடக்கறதை எவன் வேண்டாம்பான்?"

அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுத்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"ஜெயிலருக்குத்தான் எழுதணும் டீச்சர், கள்ளக் காசு அடிச்சதுக்கு உள்ள இருக்காரு. ஆனா கட்டாயம் எழுதுங்க. அவர் செஞ்ச காசைப் பத்தி ஒருத்தர் நல்லதாச் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்."